படித்துச் சொல்வதோடு சரி

என் கணவர் ஸ்ரீதருக்கு அரக்கோணத்தில் வேலை. ரயிலில் சும்மா உட்கார மாட்டார். செல்போனில் ஏதாவது ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பிடித்து அதன் பூர்வீகத்தைக் கிளறுவார். கிருத்திகையன்று காலை என் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டுக்கொண்டே ஆரம்பித்தார்.

"மோகனா, 'ரீட்'டுன்ற வார்த்தைக்கு மொதல்ல படிக்கிறதுன்னே அர்த்தம் கெடையாது, தெரியுமா? யோசனை சொல்றது, தெரியாதத ஊகிக்கிறது, அதான் அர்த்தம். விடுகதைய 'ரிடில்'னு சொல்றாங்களே, அதுவும் இதே வம்சம். எழுத்தப் பார்த்து விஷயத்தக் கண்டுபுடிக்கிறதால, அப்புறம்தான் படிக்கிறதுக்கு அந்தப் பேரு வந்துச்சு."

"டிபன் பாக்ஸ எடுத்துகினு கெளம்புங்க. வண்டி போயிடும்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். ஆனால் இதற்குக் காரணம் உண்டு. திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இங்கிலீஷில் கடிதம் வந்தால் ஜனம் என்னிடம்தான் வரும். படித்துச் சொன்னதும் ஒருவராவது நகர்வாரா? "இப்போ என்னா பண்றதும்மா?" என்று நிற்பார்கள். ஒருமுறை ஒரு சொத்துத் தகராறில் யோசனை சொல்லப் போய், இரண்டு குடும்பத்திடமும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து படித்துச் சொல்வதோடு சரி. இதில் இவர் வேறு!

பதினோரு மணிக்கு எல்லம்மாள் வந்தாள். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறவள். புருஷன் இல்லை, ஒரே மகள் கயல்விழி. பிரிக்காத கவர் ஒன்றை நீட்டினாள். நாலு மூலையிலும் மஞ்சள். முக்கியமான தபால் வந்தால் பூஜையில் வேலுக்கு முன்னால் வைத்து, கிருத்திகையன்றுதான் பிரிப்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

பிரித்துப் படித்தேன். கயல்விழிக்கு பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை. நாளைக் காலை பத்து மணிக்குள் சேர வேண்டும்.

"அய்யோ, இது எப்பக்கா வந்துச்சு?"

"ஒம்போது நாளாவுது."

"கயலுக்குத் தெரியுமா?"

இல்லையென்று தலையாட்டினாள். "அது தெனம் போஸ்ட்மேனக் கேட்டுகினு இருக்குது."

கயல்விழி இங்கிலீஷில் படித்துத் தேறியவள். வீட்டிலேயே அவள் இருக்க, இவள் ஏன் பஸ் ஏறி என்னிடம் வந்தாள்? எனக்கு ரத்தம் கொதித்தது. 'நீயெல்லாம் ஒரு தாயா?' என்று நாக்கு வரை வந்துவிட்டது.

"தேதி தாண்டிப் போச்சுன்னு கயலுகிட்ட சொல்லிடேன் பாப்பா," என்றாள். "அதுவும் போயிட்டா எனக்கு யார் இருக்கா?"

கோபம் அப்படியே அடங்கிவிட்டது. பாவமாக இருந்தது. ஸ்டூலை இழுத்து உட்காரவைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தேதி தாண்டலக்கா. நாளைக்குப் பத்து மணி. இல்லாதத நான் படிக்க மாட்டேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. "அனுப்பு. நீயும் கூடவே போ. நாலு நாள் இருந்து, அது எங்க தங்குது, என்னா சாப்பிடுதுன்னு பார்த்துட்டு வா. சாயந்திரம் அரக்கோணத்துல வண்டி இருக்குது."

எல்லம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் போனை எடுத்துவிட்டிருந்தாள்.

"கயலு... வேலைக் கடுதாசி வந்துட்ச்சி. ஒம்போது நாளா நான்தான் வேலுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிகினு இருந்தேன்."

அந்தப் பக்கம் கத்தல். எனக்கே கேட்டது. எல்லம்மாள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

"ஆங்... ஆங்... திட்டு. எவ்ளோ வேணும்னாலும் திட்டு. திட்டிகினே துணிய எடுத்து வெய்யி."