ஏழாவது தொட்டி ஒயின்

ஒயின் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை. நான் கையெழுத்துப் போட்டால்தான் தொட்டியிலிருப்பது புட்டிக்குப் போகும்.

சில ஒயின், அளவாகக் குடித்தாலும் மறுநாள் தலையைப் பிளக்கும். கந்தகம் என்பார்கள். நொதிக்கும்போது உண்டாகும் ஹிஸ்டமின் என்பார்கள். வெயில் அதிகம் பட்ட திராட்சைத் தோலில் ஏதோ இருக்கிறது என்றும் ஒரு சந்தேகம் உண்டு. யாருக்கும் முழுதாகத் தெரியாது. என் மனைவியின் தலைக்குத் தெரிந்தது.

ஆலையில் ஒயினைச் சோதிக்கும் மெஷின் வாங்காத காலத்தில் மாதிரியை வீட்டுக்குக் கொண்டுவருவேன். அவள் அரை டம்ளர் குடிப்பாள். காலையில் கண் விழித்ததும் கேட்பேன், "தலை எப்படி?" வலி என்றால் தொட்டியை நிறுத்திவைப்போம். முதலாளி அவளுக்கு 'மீட்டர்' என்று பெயர் வைத்தார். பிறகு அவரிடம் மல்லுக்கு நின்று மெஷின் வாங்க வைத்தேன். அது சரி என்று சொன்ன ஒயினையும் அவளிடம் கொடுத்துப் பார்ப்பேன்; எதிலும் வலி இல்லை என்பாள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

போன குளிர்காலத்தில் சாலை விபத்தில் இறந்தாள்.

நேற்று ஏழாவது தொட்டியை மெஷின் சரி என்றது. அது பார்ப்பது கந்தகமும் ஹிஸ்டமினும்தான். இந்தப் பழமோ கொளுத்தும் வெயிலில் பழுத்தது. பேனாவை எடுத்தேன், கையெழுத்துப் போடவில்லை. மாதிரியோடு வீட்டுக்கு வந்தேன். நான் குடித்துப் பயனில்லை; எனக்கு எதிலும் வலிப்பதில்லை.

தன் அக்காவின் அலமாரியை ஒழித்துத் தர என் கொழுந்தியாள் வந்திருந்தாள்.

"என்ன மாமா, மீட்டருக்கு ஆள் தேடுறீங்களா?"

"சும்மா இரு. நான் கீழ ஊத்தப் போறேன்."

"எனக்கும் அதே தலைதான். எங்க அப்பா கொடுத்த ஒரே சொத்து." பிடுங்கி அரை டம்ளர் ஊற்றிக்கொண்டாள். "முகத்தை இப்படி வச்சுக்கிட்டு நின்னா பாலே திரிஞ்சிடும், மாமா."

இன்று காலை சமையலறையில் பாதித் திரை இழுத்திருந்தது. தண்ணீர் நூலாக விழும்படி கொழுந்தியாள் குழாயைத் திறந்துவைத்திருந்தாள்.

"தலை எப்படி?"

"ஒண்ணுமில்ல மாமா."

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, சத்தம் வராமல் மேடையில் வைத்தாள்.

அப்படி வைப்பது எனக்குத் தெரியும். பாதித் திரையும் நூல் தண்ணீரும் தெரியும். மெஷின் வந்த பிறகு எத்தனையோ காலை எங்கள் வீடு இப்படி ஓசையில்லாமல் இருந்திருக்கிறது. நிம்மதி என்று நினைத்திருந்தேன்.

"உண்மையைச் சொல்லு. அவளுக்கும் வலிச்சுதா?"

அவள் துணியை எடுத்து மேடையைத் துடைத்தாள். அங்கே ஈரமே இல்லை.

"சில தடவை. எங்கிட்டதான் போன்ல புலம்புவா. 'மெஷின் வந்ததிலேருந்து மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி குதிக்கிறார்டி, நான் போய் எப்படிச் சொல்றது'ன்னு சிரிப்பா."

முதலாளிக்குப் போன் செய்தேன்.

"ஏழாவது தொட்டியைப் புட்டியில அடைக்க வேண்டாம்."

"மெஷின் என்ன சொல்லுது, தம்பி?"

"சரின்னுதான் சொல்லுது."

"அப்புறம் என்ன?"

"மெஷின் பார்த்தது போதாது. முன்னாடி மெஷினை நம்பி அனுப்பினதையும் நாம திரும்பப் பார்க்கணும்."

அவர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். கொழுந்தியாள் கண்ணைச் சுருக்கியபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். போனைக் காதில் வைத்தபடியே போய், மீதித் திரையையும் இழுத்துவிட்டேன்.