கதவைத் தாழிட்டு அரைத்த தழை

குடி, சீட்டு, கைமாற்று என்று புருஷனைத் திரௌபதி சந்தேகப்படாத விஷயமே இல்லை. அவன் கொடுக்கிற மருந்தை மட்டும் சந்தேகப்பட்டதில்லை.

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் காலில் புண் வராமல் இருக்காது. உப்புத் தண்ணீரிலேயே நாள் முழுக்க நின்றால் தோல் என்னத்துக்கு ஆகும்? ஆதிமூலம் அதற்கு ஒரு பச்சிலை அரைத்துக் கொடுப்பான். என்ன தழை என்று கட்டின பெண்டாட்டிக்குக்கூடச் சொல்ல மாட்டான். வெளியே தெரிந்தால் மருந்து பலிக்காதாம். கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் அம்மியில் கை வைப்பான். சுனாமிக்கு அப்புறம் அவனுக்குக் கைராசிக்காரன் என்று பெயரே வந்துவிட்டது. எக்கியார்குப்பத்திலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள்.

ஊரார் புண் ஆறியது. வைத்தியர் வீட்டம்மாவின் குதிகால் புண்தான் ஆறவில்லை. சுனாமிக்கு அடுத்த வருஷம் உப்பு சீசன் முழுக்க அதில் சீழ் வடிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டும் கேட்கவில்லை. இப்படியே போனால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். பாதம் இல்லாதவளை எந்த முதலாளி உப்புப் பாத்தியில் இறக்குவான்?

அந்த ஆஸ்பத்திரியில்தான் கௌதமன் அவளைப் பார்த்தான். பாண்டிச்சேரிக் கல்லூரியில் படிக்கிற பிள்ளை. மருந்துக்கு அடங்காத கிருமியை நாட்டு மூலிகை கொல்லுமா என்று ஆராய்கிறவன். புண்ணிலிருந்து பஞ்சில் சீழை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து தழையும் கேட்டான்.

"இன்னிக்குத் தழையக் கேப்பான், நாளைக்கு டப்பால போட்டு நமக்கே விப்பான்" என்று ஆதிமூலம் முறைத்தான். அவள் கெஞ்சிக் கூத்தாடிய பிறகுதான், பேப்பரில் சுற்றி ஒரு பொட்டலம் கொடுத்தான்.

அடுத்த வாரம் கௌதமன் வந்தபோது ஆதிமூலம் வீட்டில் இல்லை.

"அது குப்பமேனிதான்க்கா. சாதாரண கிருமியக் கொஞ்சம் தடுக்குது. உங்க கால்ல இருக்கிறத அசைக்கவே இல்ல. நாளைக்குக் காலைல வண்டியோட வர்றேன், பாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

குப்பைமேனியா! வேலியோரம் தானாக முளைத்துக் கிடக்கிற செடிக்கா இத்தனை வருஷம் தாழ்ப்பாள் போட்டான்? திரௌபதி நம்பவில்லை. வேறு ஏதோ தழையைக் கொடுத்துப் பிள்ளையை ஏமாற்றியிருக்கிறான். பெண்டாட்டி காலைவிடப் பரம்பரை ரகசியம் பெரிதாகப் போய்விட்டது இவனுக்கு.

சாயங்காலம் அவன் வந்ததும் கேட்டாள். "யோவ், நீ குடுத்தது நெசமாவே அந்தத் தழதானா?"

"சத்தியமா அதான்" என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு அது போதும்.

மறுநாள் காலை அவன் கதவைத் தாழிட்டதும், காலை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போய்க் கீற்று இடுக்கில் கண்ணை வைத்தாள். அம்மியில் இருந்தது குப்பைமேனியேதான். ஒரு நிமிஷம் அவளுக்கு வெட்கமாகிவிட்டது. பாவம், மனுஷன் பொய் சொல்லவில்லை.

அப்போது ஆதிமூலம் கூரையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தான். உள்ளேயிருந்த அட்டையிலிருந்து கேப்ஸ்யூல் மாத்திரைகளைப் பிதுக்கிப் பிளந்து, பொடியை விழுதில் தட்டினான். அந்தச் சிவப்பும் மஞ்சளும் அவளுக்கு நன்றாகத் தெரியும். சுனாமி முகாமில் நோய் வராமலிருக்கக் குடும்பத்துக்குக் குடும்பம் கொடுத்தது. ஜனங்கள் விழுங்காமல் வைத்திருந்ததை, குழி தோண்டிப் புதைக்கிறேன் என்று இவன்தான் வாங்கிவந்தான்.

கைராசியாம் கைராசி! அவள் கதவை இடித்த இடியில் தாழ்ப்பாள் தெறித்தது. பையைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சொன்னபடி கௌதமன் வண்டியோடு வந்து நின்றிருந்தான். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தவன் முகம் மாறிப்போனது.

"இந்த மருந்துக்குத்தான்க்கா உங்க கிருமி அடங்க மாட்டேங்குது. அரைகொறையாப் போட்டுப் போட்டு அதுக்குப் பழகிடுச்சு. ஊசிய மாத்திப் போட்டும் கேக்காததுக்கு இதான் காரணமா இருக்கணும்."

"கால் தப்பிக்குமா தம்பி?"

"இன்னும் ஒண்ணு ரெண்டு மருந்து பாக்கி இருக்குது. பாக்கலாம்க்கா. ஏறுங்க."

ஆதிமூலம் கதவருகில் நின்று, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தன் பச்சைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வெறும் தழைன்னா ஆற நாளாவுது. சனங்க ஊசி போட்டுக்கப் போயிட்றாங்க. சீக்கிரம் நல்லாவட்டும்னுதான் கலந்தேன்."

"ஊருக்குக் கலந்தது இருக்கட்டும். எனக்குமாய்யா கலந்த?"

அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"மத்தவங்களுக்கு ஒண்ணுதான் போட்டேன், திரௌபதி. உனக்குத்தான் தெனமும் ரெண்டு."