போட்டுப் பார்த்து வாங்கியது

முப்பது வருடமாக வயரிங் வேலை பார்க்கிறவர் அவர். எரிய வைத்துப் பார்க்காமல் கடையிலிருந்து எதையும் எடுத்துவந்ததில்லை. ஜீரோ வாட்ஸ் பல்பானாலும் ஹோல்டரில் மாட்டி, சுவிட்சைத் தன் விரலாலேயே தட்டி, கண்ணால் பார்த்த பிறகுதான் பணம் எடுப்பார். அந்தப் பாழாய்ப்போன பழக்கம்தான் இன்று அவரைச் சேவை மையத்தின் நாற்காலி நுனியில் உட்கார வைத்திருந்தது.

மணி நாலு பத்து. ஐந்துக்குள் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் அவள் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும். லேப்டாப் இல்லாமல் வகுப்புக்கே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதை வாங்கியதில் கட்டணத்துக்குக் கொஞ்சம் துண்டு விழுந்தது. அவர் கேட்டுப் பார்க்காத ஆள் பாக்கியில்லை.

மகள்தான் வழி கண்டுபிடித்தாள். "லேப்டாப் விலையில, அதை ஓட்டுற சிஸ்டம் சாஃப்ட்வேருக்கும் சேர்த்துதான் வாங்குறாங்கப்பா. நமக்கு அது வேணாம். இலவசமா கிடைக்கிறது என் பென் டிரைவ்ல இருக்கு. முதல் தடவை போடும்போது ஒரு நிபந்தனை வரும். அதுக்கு நாம சம்மதம் சொல்லலேன்னா, கம்பெனி சேவை மையத்துல சிஸ்டத்துக்கான பணம் அன்னைக்கே திரும்பக் கிடைக்கும். பெட்டியைப் பிரிக்காம கொண்டுவாங்க, போதும்."

சிஸ்டம் இல்லாமல் ஒன்று கிடைக்குமா என்று கடையில் அவரும் கேட்டார். எல்லாம் சேர்ந்தேதான் வரும் என்றார் கண்ணாடி போட்ட விற்பனையாளர். செருப்பு வாங்க வந்தவன் தலையில் குடையையும் சேர்த்துக் கட்டுகிற வியாபாரம்! சரி, தொலையட்டும். ஆனால் இவ்வளவு பணத்தைக் கொட்டிவிட்டு, எரிகிறதா இல்லையா என்று பார்க்காமல் எப்படித் தூக்கிக்கொண்டு போவது?

"போட்டுக் காட்டுங்க."

திரையில் பொடி எழுத்தாக என்னவோ வந்து நின்றது. "இதை வீட்ல பொண்ணே பார்த்துக்கட்டுமே சார்" என்றார் கண்ணாடிக்காரர். அதற்குள் இவர் விரல் அழுத்திவிட்டது. பளிச்சென்று வெளிச்சம் வந்ததும் மனசு நிறைந்துபோனது. பெட்டியை மூடி, சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் கருப்பு டேப்பால் அவரே ஒட்டிக்கொண்டு வந்தார்.

சேவை மையக் கவுண்டரிலிருந்த பெண் தன் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். "சம்மதம் கொடுத்தாச்சே. காலையில பதினொண்ணு நாப்பத்திரண்டு."

"நாங்க தொடவே இல்லை மேடம்!" பக்கத்தில் நின்ற மகளின் குரல் உடைந்தது. "அப்ப இது கடையிலதான் இருந்திருக்கும். வித்தவர்தான் அழுத்தியிருப்பாரு."

"அப்படின்னா எழுதிக் கொடுங்க. பணம் இப்பவே தந்துடறோம்."

அவருக்கு உயிர் வந்தது. வந்த வேகத்திலேயே ஒரு கேள்வியும் வந்தது. "அது... கடைக்காரங்க தலையில விழுமா?"

"வித்தவர் சம்பளத்துல பிடிப்பாங்க."

மகள் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கிவிட்டாள். நாலு இருபது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், அவள் படித்துவிடுவாள். கண்ணாடிக்காரர் யாரோ எவரோ, இனிமேல் முகத்தில்கூட விழிக்கப்போவதில்லை. அவருக்கும் வீட்டில் ஒரு பெண் இருக்குமோ என்னவோ. அந்த நினைப்பு வந்ததும் தன் விரலையே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"எழுதாதம்மா."

"ஏம்ப்பா? நேரமில்லை!"

"அவர் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் அழுத்தினேன்."

பேனா நின்றது. அவள் பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த கருப்பு டேப்பைப் பார்த்தாள். கத்துவாள் என்று அவர் காத்திருந்தார். கத்தினால் தேவலை என்றிருந்தது. அவள் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாள்.

"எரிஞ்சுதாப்பா?" என்று கேட்டாள்.

"எரிஞ்சுதும்மா" என்றார். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. அந்தக் கவுண்டர் முன்னாலேயே அழுதுவிட்டார்.