மூன்றாவது எண்ணிக்கை

அந்த மெக்கானிக்குக்கு ஹெலிகாப்டர் ஷெட்டில் வைத்த பெயர் மூணுதரம். எதையும் மூன்று தடவை பார்க்காமல் விடமாட்டார். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்தாயா என்று மனைவியை மூன்று தடவை கேட்டு, மூன்றாவது தடவை நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார். ஷெட்டின் சுவரில் அவருக்கு ஒரு மஞ்சள் பலகை உண்டு. ஸ்பேனர், திருப்புளி, டார்ச் என்று ஒவ்வொரு சாமானின் உருவத்தையும் அதில் கறுப்பில் வரைந்து, அந்தந்த இடத்தில் மாட்டி வைத்திருப்பார். ஒன்று குறைந்தாலும் கறுப்பு உருவம் பல்லை இளித்துக் காட்டிக்கொடுத்துவிடும். பலகை நிறையாமல் ஹெலிகாப்டர் கிளம்பக் கூடாது என்பது அங்கே சட்டம்.

அவருக்கு நேர் எதிர் அவருடைய தங்கை புருஷன். ஹெலிகாப்டரிலிருந்து கம்பி வடத்தில் இறங்கி, நடுக்கடலில் அடிபட்டுக் கிடப்பவர்களைத் தூக்கி வருகிற வேலை. நின்றுகொண்டே சாப்பிடுகிற ஆள்.

"மச்சான், நீங்க எண்ணி முடிக்கறதுக்குள்ள கப்பலே கரைக்கு வந்துடும்" என்பார்.

"வரட்டுமே மாப்பிள்ளை, உங்களுக்கு வேலை மிச்சம்" என்பார் மூணுதரம்.

"ஒருத்தர் எண்ணி எண்ணியே உயிரை எடுக்கறார், இன்னொருத்தர் எண்ணாமயே எடுக்கறார்" என்று தங்கை தலையில் அடித்துக்கொள்வாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். ஹெலிகாப்டர் திரும்பி வந்த சத்தம் கேட்ட பிறகுதான் அவள் வீட்டில் சாப்பாடு இறங்கும்.

அன்றைக்கு மத்தியானம் அவசர அழைப்புச் சங்கு ஊதியது. தூரத்துக் கப்பலில் ஒருவன் மேல்தளத்திலிருந்து விழுந்து முதுகை உடைத்துக்கொண்டான். மூணுதரம் பலகையை ஒரு தடவை எண்ணினார். இரண்டாவது தடவையும் எண்ணினார். எல்லாம் சரி. பிறகுதான் அவருடைய பிறவிக் குணம் வேலையைக் காட்டியது. வலது சக்கரம் மடங்கிப் போய் உட்காருகிற குழியை இன்னொரு தரம் பார்த்துவிடலாமே என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார். உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் தெரிந்தது. டார்ச்சை விளிம்பில் வைத்துவிட்டுத் துணியால் துடைத்தார்.

"மச்சான், போதும் வாங்க! அங்க ஒருத்தன் உசுருக்குப் போராடிட்டிருக்கான்!" என்று மாப்பிள்ளை கத்தினார்.

பாவம், அந்த வார்த்தை யாரைத்தான் ஓட வைக்காது? மூணுதரம் துணியை உருவிக்கொண்டு விலகினார், கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார், ஹெலிகாப்டர் பறந்தது. அந்த நிமிஷமே எரிபொருள் லாரி வந்து நின்றதால் அந்தப் பக்கம் போய்விட்டார். மூன்றாவது எண்ணிக்கை நடக்கவே இல்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் ஷெட்டுக்குள் நுழைந்தபோது ரேடியோவில் ஹெலிகாப்டரை ஓட்டும் கேப்டனின் குரல் வந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் மளிகைக் கடையில் சாமான் சொல்வது மாதிரிதான் எப்போதும் பேசுவார். அன்றும் அப்படித்தான் பேசினார்.

"நோயாளியோட திரும்பிட்டோம். மூக்குச் சக்கரமும் இடதும் இறங்கிடுச்சு. வலது பாதியில நிக்குது. லிவரை ரெண்டு தடவை ஏத்தி இறக்கிப் பாத்தாச்சு. ஐம்பது நிமிஷத்துக்கு எரிபொருள் இருக்கு, அவசரம் ஒண்ணுமில்ல. அடுத்தது காத்துச் சிலிண்டர். துணை பைலட் அதுக்கான வழிமுறைப் புத்தகத்தைப் படிச்சிட்டிருக்கார். ரெண்டு நிமிஷத்துல அடிப்போம்."

மூணுதரம் ரேடியோ பக்கத்தில் போய் நின்றார். இரண்டு சக்கரத்தில் இறங்கினால் ஹெலிகாப்டர் வலது பக்கம் சாயும். மேலே சுற்றுகிற இறக்கை தரையை அடித்துச் சிதறும். உள்ளே நாலு பேர், நோயாளியோடு ஐந்து. அந்த நாலில் ஒருவர் தங்கையின் புருஷன். காற்றுச் சிலிண்டர் என்பது கடைசி வழி. ஒரே ஒரு தடவைதான் அடிக்கும், சக்கரத்தை முரட்டுத்தனமாக வெளியே தள்ளும்.

அவர் கண் பலகைமேல் போனது. டார்ச் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு உருவம் மட்டும் இருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. சிலிண்டர் அடிக்கிற அடியில் டார்ச் நசுங்கி, சக்கரம் இறங்கினாலும் இறங்கலாம். பிறகு ஓடிப்போய்ப் பொறுக்கி எடுத்துவிடலாம். லைசென்சும் தப்பும், இருபத்திரண்டு வருஷத்துப் பேரும் தப்பும். ஆனால் சக்கரத்தைத் தாங்கும் கம்பியின் முழங்கை போன்ற மடிப்பில் அது சிக்கியிருந்தால் அந்த அடியில் முழங்கையே வளைந்துபோகும். அப்புறம் பிரம்மாவே வந்தாலும் அந்தச் சக்கரத்தை இறக்க முடியாது. இதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை.

மைக்கை எடுத்தார்.

"கேப்டன், சிலிண்டரை அடிக்காதீங்க. என் டார்ச் அந்தக் குழிக்குள்ள இருக்கு. நான்தான் விட்டுட்டேன்."

ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன நீளம்?" என்று கேட்டார் கேப்டன்.

"ஒரு சாண். அலுமினியம்."

"எந்தப் பக்கம் வச்சீங்க?"

"முன் விளிம்புல. உருண்டு முழங்கை மடிப்புல சிக்கியிருக்கும்."

"சரி. சிலிண்டர் வேண்டாம். சொன்னதுக்கு நன்றி."

அவ்வளவுதான். அறிவிருக்கா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த நன்றியில்தான் மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹெலிகாப்டர் தளத்துக்கு மேலே வந்து அசையாமல் நின்றது. முதல் காரியமாக நோயாளியை ஸ்ட்ரெச்சரோடு வடத்தில் இறக்கினார்கள், கூடவே மாப்பிள்ளையும் இறங்கினார். ஆம்புலன்ஸ் அவனை வாங்கிக்கொண்டு பறந்தது. அதற்குள் தீயணைப்புக்காரர்கள் குழாயோடு தயாராக, எழுத்தர் ஓய்வறைக் கட்டில்களிலிருந்து மெத்தைகளை இழுத்துவந்து லாரி டயர்களின் மேல் அடுக்கினார். சக்கரம் வராமலே போனால் அந்தப் படுக்கையில்தான் வலது பக்கத்தைச் சாய்த்து உட்கார வைக்க வேண்டும். எல்லாம் ஓட்டமும் நடையுமாக நடந்தது, ஆனால் ஒரு ஆள்கூட இன்னொரு ஆள்மேல் முட்டவில்லை. பார்க்க அத்தனை அழகு.

"கேப்டன், நான் அடியில போய் எடுக்கறேன். என் தப்பு, நானே போறேன்" என்று மூணுதரம் கைரேடியோவில் சொன்னார்.

"கை நடுங்குதா? உண்மையைச் சொல்லுங்க."

அவர் கையைப் பார்த்தார். "நடுங்குது."

"அப்ப நீங்க வேண்டாம். உங்க மாப்பிள்ளை வாரத்துக்கு நாலு தடவை இந்தக் காத்துக்கு அடியில நிக்கறவர். அவர் போகட்டும். நீங்க பக்கத்துல நின்னு வழி சொல்லுங்க."

ஹெலிகாப்டர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே இறங்கி நின்றது. அடியில் அடித்த காற்றில் மணல் ஊசியாகக் குத்தியது. தலைக்கவச ரேடியோவோடு போன மாப்பிள்ளை முதலில் தரையோடு கம்பியால் கட்டிய கொக்கியால் உலோகத்தைத் தொட்டார். பறந்து வந்த இயந்திரத்தில் சேர்ந்திருக்கும் மின்சாரம் அப்படித்தான் தரைக்குப் போகும். இல்லாவிட்டால் தொட்டவனைத் தூக்கி எறிந்துவிடும்.

"லிவரை ஏத்துங்க கேப்டன், டார்ச் தளர்ற மாதிரி சக்கரம் ஒரு விரல் அளவு மடங்கட்டும்... நிறுத்துங்க! இப்ப ஃபியூஸை இழுத்துடுங்க. அவர் கை உள்ள இருக்கறப்ப சக்கரம் அசையக் கூடாது" என்றார் மூணுதரம்.

"இழுத்தாச்சு. என் கை லிவர் பக்கமே போகாது" என்றார் துணை பைலட்.

"மாப்பிள்ளை, கையை விடுங்க. உங்க முழங்கை வரைக்கும். வழவழன்னு ஒரு குழாய் வருதா?"

"வருது."

"அது எண்ணெய்க் குழாய், அதைப் பிடிச்சு இழுத்துடாதீங்க. அதுக்குப் பின்னாடி, உங்க கட்டை விரல் பக்கம்."

"ஒண்ணும் இல்ல மச்சான்."

"இருக்கும். நிதானமா. கண்ணை மூடிக்கிட்டுத் தேடுங்க."

ஆயுளில் நிதானமாக ஒரு வாய்ச் சோறு தின்னாத அந்த மனிதர், தலைக்கு மேல் இத்தனை டன் இரும்பு நிற்க, கண்ணை மூடிக்கொண்டு விரல் விரலாகத் தடவினார். மேலே கேப்டன் அந்த இரும்பை ஒரு சாண்கூட அசையவிடவில்லை. எப்பேர்ப்பட்ட கை அது!

"கிடைச்சிடுச்சு!"

"முன்னாடி இழுக்காதீங்க. திருகி, கீழ் பக்கமா."

டார்ச் வெளியே வந்தது. மாப்பிள்ளை அதை உயர்த்திக் காட்டிவிட்டு ஓடி விலகினார். ஃபியூஸ் போட்டு, லிவரை இறக்கினார்கள். வலது சக்கரம் விறைப்பாக இறங்கி நின்றது. கேப்டன் அதற்கும் மயங்கவில்லை. மாப்பிள்ளையை மறுபடி அனுப்பி, சக்கரம் மடங்காதபடி பூட்டு ஊசியைச் செருகச் சொன்னார். அப்புறம் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல மெல்ல மெல்லப் பாரத்தை இறக்கி, தரையில் உட்கார்ந்தார். மெத்தைகளுக்கு வேலையே வரவில்லை.

மாலையில் கேப்டன் அறைக்கு மூணுதரம் எழுதிய தாள் போனது. நான் மூன்றாவது தடவை எண்ணவில்லை, தவறு முழுக்க என்னுடையது என்று நாலே வரி. மாப்பிள்ளையைப் பற்றி மூச்சு விடவில்லை. தாளோடு லைசென்சையும் மேஜைமேல் வைத்தார்.

கேப்டன் இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்துப் போட்டார். மாப்பிள்ளையின் கோணல் கையெழுத்து. 'அவர் எண்ண வேண்டியதை எண்ணவிடாமல் போதும் வாங்க என்று கத்தியது நான்.'

"ஒரே தப்புக்கு ரெண்டு பேர் அடிச்சுக்கறீங்களே, சொத்துக்கூட இப்படி யாரும் பங்கு கேட்டு நான் பாத்ததில்ல" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "விசாரணை முடியற வரைக்கும் மூணு வாரம் நீங்க வேலையைத் தொடக் கூடாது. அது முறை. ஆனா இதையும் எழுதப் போறேன். அந்த ரெண்டு நிமிஷத்துல நீங்க வாயைத் திறக்கலைன்னா நான் சிலிண்டரை அடிச்சிருப்பேன்." லைசென்சை அவர் பக்கம் தள்ளினார். "இதை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

மூன்று வாரம் கழித்து அவர் வேலைக்கு வந்த முதல் நாளே சங்கு ஊதியது. கடலில் ஒரு படகு தீப்பற்றியிருந்தது. மூணுதரம் பலகைக்கு முன்னால் நின்று ஒரு தடவை எண்ணினார், இரண்டு தடவை எண்ணினார். வெளியே இன்ஜின் உறுமியது. மூன்றாவது தடவை தொடங்குமுன் தயங்கித் திரும்பினார்.

மாப்பிள்ளை தலைக்கவசத்தோடு, இடுப்பில் வடத்துக்கான வாரோடு, வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"எண்ணுங்க மச்சான். நீங்க முடிக்காம நான் ஏற மாட்டேன்."