மாத்திரை விட்டுப்போன நாட்கள்: ஒரு திட்டமிட்ட வசையின் தோல்வி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கணினியைத் திட்டத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். தெருமுனை கிளினிக்கில், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையின் அளவை இப்போது கணினி சொல்கிறதாம். கேட்டதும் பேனா துடித்தது. முதல் வரி:

‘மனிதனின் நாடியை இயந்திரம் அறியுமோ என மானுடம் விம்மி...’

(நேரில் பார்க்க கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன். மானுடம் அன்று வரவில்லை. வந்தவர்கள் ஒரு தச்சரும் அவர் மனைவியும்.)

2

தச்சரின் இதயத்தில் உலோக வால்வு. இரத்தம் உறைந்தால் வால்வு அடைபடும். மிகவும் நீர்த்தால் உள்ளே எங்காவது கசியும். நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார். இரத்தம் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் எண் இரண்டரைக்கு மேல் இருக்கவேண்டும்; இருந்தது 1.6.

“கெட்டியா இருக்கு. டோஸை ஏத்திடும்மா,” என்றார் டாக்டர், முப்பது வருட அனுபவத்தைத் தொண்டையில் வரவழைத்து.

“கம்ப்யூட்டர் விடமாட்டேங்குது சார். மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சான்னு கேக்குது.”

“இல்லைன்னு போடு.”

“அவரைக் கேக்காம எப்படி சார்?”

(இங்கே நர்ஸைப் புரட்சிப் பெண்ணாக்கப் பார்த்தேன். ‘அவள் கண்களில் அனல்...’ வேண்டாம். தச்சர் பக்கம் நாற்காலியைத் திருப்பினார், அவ்வளவுதான்.)

3

“அண்ணே, மாத்திரை எதையாவது விட்டீங்களா?”

“ஒரு நாளும் இல்லம்மா.”

“ஆமா! ரம்பம் பிடிக்கிற நாள்ல அந்த டப்பா பக்கமே போறதில்லைன்னு சொல்லுங்க,” என்றாள் மனைவி.

“நீ சும்மா இரு. உளி பட்டப்போ ரத்தம் நிக்கவே இல்ல, பாத்தல்ல? அதான், பெரிய வேலைன்னா...”

“போன வாரம் எத்தனை நாள்ணே?”

“நாலு,” என்றாள் மனைவி. “கைக்குப் பயந்து நெஞ்சை மறந்துட்டாரு.”

நர்ஸ் நான்கு என்று தட்டினார். பழைய அளவே போதும், ஒரு வாரத்தில் மறுபடி பார்க்கவும் என்றது திரை. அளவை ஏற்றி, அதை அவர் ஒழுங்காகவும் விழுங்கியிருந்தால் இரத்தம் அபாயமாக நீர்த்திருக்கும்.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். “கேக்கணும்னு எனக்கும் தெரியும். கேக்கத்தான் நேரமில்ல.”

என் வில்லனான கணினி நல்லது செய்து கையும் களவுமாக மாட்டிக்கொண்டது.*

* இதை எழுதியபோது எனக்கு வலித்தது. வசைக்கென்று சேர்த்துவைத்த உவமைகள் பதினொன்று வீண்.

4

“நாளைக்கு ஒரு கதவு நிலை அறுக்கணுமே,” என்றார் தச்சர்.

“அறுங்க. வெட்டுப்பட்டா துணியை வச்சு அழுத்திப் பிடிச்சுட்டு நேரா இங்க வாங்க. மாத்திரையை மட்டும் விடாதீங்கண்ணே.”

அவர் தலையாட்டினார். அதைச் ‘சரி’ என்றும் எழுதலாம், ‘பார்க்கலாம்’ என்றும் எழுதலாம். இரண்டு முடிவும் எழுதி இரண்டையும் அடித்துவிட்டேன். அளவு சொல்லக் கணினிக்குத் தெரியும். விழுங்க வைக்க அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அடுத்த செவ்வாய், காலை பத்து மணி. கிளினிக்கில் என் பக்கத்து நாற்காலி காலி. வந்து உட்காருங்கள்; அவர் வந்தால், எண்ணை நீங்களே படியுங்கள்.