உடனிருந்தவர்

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை என்றால் ரிஜிஸ்டர் அக்காவின் மேசையில் மூன்று பேனா இருக்கும். ஒன்று நீலம், ஒன்று கறுப்பு, மூன்றாவது மை சரியாக இறங்காமல் விட்டுவிட்டு எழுதுவது. அவள் வேலை பார்த்த சிறுவர் மையத்தின் தனி வகுப்புப் பதிவேட்டில் ‘உடனிருந்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் தனியாகப் பாடம் எடுத்தால் இன்னொரு பெரியவரும் அதே அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அன்றன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அக்கா மாதம் முழுவதற்குமான கையெழுத்தை ஒரே மூச்சில் போட்டு முடிப்பாள். ஒரே பேனாவில் போட்டால் ஒரே நாளில் போட்டது தெரிந்துவிடும் என்று மேனேஜர் சொல்லிக் கொடுத்திருந்தார்.

ஒரு நாளும் அவள் உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. எங்கே உட்கார? போனை எடுக்க, வாசலைப் பார்க்க, முட்டியைப் பெயர்த்துக்கொண்டு அழுதபடி வரும் பிள்ளைக்கு மருந்து போட, எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான். இன்னொரு ஆள் வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த வருஷம் இரண்டு தடவை கேட்டாள். “பாக்கலாம்மா” என்றார் மேனேஜர். நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இடையில் ஆய்வுக்கு வந்தவர்கள் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, ஒரு கட்டம்கூடக் காலியில்லை என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு மேனேஜர் அவளுக்குத் தன் செலவில் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை பாதி மாதத்துக் கையெழுத்து முடிந்திருந்தபோது எதிர் பெஞ்சில் வாலு வந்து உட்கார்ந்தாள். பதினொரு வயது. அந்தப் பெயரை வைத்ததே அக்காதான். மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி வருவது, அறிவிப்புப் பலகையில் இருக்கும் பெரிய மனிதர்களுக்கு மீசை வரைவது எல்லாம் அவள் வேலை. மூன்று வாரமாக எந்தப் படத்திலும் புது மீசை இல்லை. அக்கா அதைக் கவனித்திருந்தாள். வளர்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

“என்னடி, நாலு மணி ஆச்சு. கீபோர்டு மாஸ்டர் காத்துட்டு இருப்பாரு.”

“வயிறு வலிக்குது.”

“போன வாரமும் இதேதான் சொன்ன. கீபோர்டைப் பாத்தா மட்டும் வலிக்கிற வயிறா?”

வாலு சிரிக்கவில்லை. எழுந்து வந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, இன்னிக்கு நீங்களும் உள்ள வந்து உக்காருங்களேன்.”

“நான் வந்துட்டா போனை யாரு எடுப்பா, உங்க தாத்தாவா?”

வாலு பதிவேட்டைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் மெதுவாக ஒரு கட்டத்தில் வந்து நின்றது.

“புதன்கிழமை நீங்க என்கூட உள்ள இருந்தீங்கன்னு போட்டிருக்கு.”

“அது சும்மா, ஆபீசுக்கு.”

“அப்ப நீங்க இல்லையா?”

“இல்லடி. உனக்குத் தெரியாதா?”

“கதவுக்கு வெளிய நின்னு பாத்துட்டு இருப்பீங்கன்னு நெனச்சேன்” என்றாள் வாலு. “மாஸ்டர்தான் சொன்னாரு. நான் யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டாங்களாம். ரிஜிஸ்டர் அக்கா கூடவே இருந்ததா புக்குல எழுதியிருக்காம். உங்களுக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சுதான் சும்மா இருக்கீங்கன்னு நெனச்சேன்.”

அக்காவின் கையிலிருந்த பேனா எழுதிக்கொண்டிருந்த கட்டத்திலேயே நின்று மையைக் கக்கியது. அவள் மேசையைச் சுற்றி வந்து தரையில் குந்தி உட்கார்ந்தாள். எதுவும் துருவிக் கேட்கவில்லை. வாலு துண்டு துண்டாகச் சொன்னாள். மாஸ்டர் உள்தாழ்ப்பாள் போடுகிறார். ஒட்டிக்கொண்டு உட்காருகிறார். பிடிக்கவில்லை என்று சொன்னாலும் எழுந்திருப்பதில்லை. மினுமினுக்கிற பேனா ஒரு டஜன் கொடுத்து, இது நம் இருவருக்குள் மட்டும் என்றார். அம்மாவிடம் சொன்னால் அம்மாதான் அழுவாள் என்றும் சொல்லியிருக்கிறார்.

“நீ சொன்னதை நான் நம்பறேன்” என்றாள் அக்கா. “உன்மேல ஒரு தப்பும் இல்ல. இனி அந்த ரூமுக்கு நீ போக வேண்டாம்.”

நடைபாதைக் கோடியில் கீபோர்டு அறை திறந்தது. சத்தம் வெளியே வராதிருக்கச் சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டிய அறை அது. மாஸ்டர் தலையை நீட்டிச் சிரித்தார். “என்ன, மகாராணி இன்னும் வரலையா?”

“வர மாட்டா.”

“ஏன், என்னாச்சு?”

“வர மாட்டா. அவ்வளவுதான்.”

தையல் வகுப்பில் பத்துப் பிள்ளைகளுக்கு நடுவே, டீச்சருக்குப் பக்கத்தில், வாலுவை உட்கார வைத்துவிட்டு அக்கா மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் பாதி கேட்டதுமே எழுந்து கதவைச் சாத்தினார்.

“சின்னப் பொண்ணும்மா. பாடம் பிடிக்கலைன்னா ஏதாவது சொல்லும்.”

“ஏதாவது இல்ல சார். நடந்ததைச் சொல்றா.”

“அப்படியா? புக்குல உன் கையெழுத்து இருக்கில்ல? நீ உள்ள இருந்திருந்தா எதுவும் நடந்திருக்காது. நீ உள்ள இல்லைன்னா பொய்க் கையெழுத்துப் போட்டவ நீ. ரெண்டுல எது வேணும்னு நீயே சொல்லு.”

“போடச் சொன்னது நீங்க சார்.”

“நான் சொன்னேன்னு எங்கயாவது எழுதியிருக்கா?”

அக்கா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

“அந்தப் பொண்ணுக்கு வகுப்பு நேரத்தை மாத்திடுவோம்” என்று அவர் குரலை இறக்கினார். “மையத்துப் பேரு கெட்டா எத்தனை பிள்ளைங்க பாதிக்கப்படும், யோசிச்சுப் பாரு.”

“நேரம் மாறினா அந்தாளு மாறிடுவாரா சார்?”

“திங்கக்கிழமை பாக்கலாம்மா.”

மறுபடியும் பாக்கலாம். வெளியே வந்தபோது அவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. மேனேஜர்மேல் என்று ஆரம்பித்த கோபம் சுற்றிச் சுற்றி அந்த மூன்று பேனாவில் வந்து நின்றது. வாசல் சுவரில் ‘குழந்தைகள் பாதுகாப்பு’ என்ற பலகை தொங்கியது. புகார் சொல்ல வேண்டியவர் மேனேஜர் என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் கேட்காவிட்டால் கூப்பிட வேண்டிய அரசு உதவி எண் கடைசி வரியில், குடை மாட்டும் கொக்கிகளுக்குப் பின்னால் பொடி எழுத்தில் இருந்தது. தினமும் காலையில் அந்தப் பலகையைத் துடைப்பவள் அவள்தான். நாலு வருஷத்தில் அந்த வரியை இப்போதுதான் படிக்கிறாள்.

குடைகளை ஒதுக்கிவிட்டு எண்ணை அழுத்தினாள். எடுத்த பெண் எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, “வகுப்பு நடந்தப்போ அந்த அறையில வேற பெரியவங்க யாராவது இருந்தாங்களா?” என்றாள்.

“யாரும் இல்ல. நான் இருந்ததா எழுதியிருக்கேன். அது பொய்.”

வாலுவின் அம்மா ஐந்தரைக்கு வந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள், கையில் கஞ்சி வாசம் போகாது. அக்கா அவளிடம் ஒன்றையும் மறைக்கவில்லை, கையெழுத்தையும் சேர்த்துச் சொன்னாள். அந்தத் தாய் கத்துவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, “நீங்க உள்ள இருக்கீங்கங்கற தைரியத்துலதானே நான் அங்க நிம்மதியா வேலை பாத்தேன்” என்று மட்டும் சொன்னாள்.

அதிகாரிகள் அன்று மாலையே வந்தார்கள். அவர்கள் வருவதற்குள் பதிவேட்டின் பக்கங்களைக் கிழித்துவிடச் சொன்னார் மேனேஜர். அக்கா கிழிக்கவில்லை. பக்கத்தின் அடியில், ‘இதில் எந்த நாளும் நான் அறையில் இல்லை’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.

மாஸ்டர்மேல் வழக்கு நடக்கிறது. வாலுவைத் தவிர இன்னும் இரண்டு பிள்ளைகளும் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். மைய நிர்வாகத்தினர் மேனேஜரை விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்றார்கள். அக்காவை வேலையை விட்டே அனுப்பினார்கள். அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் ஒன்று மட்டும் அவளுக்கு ஆறவில்லை. அந்த அறையில் யார் உட்காருகிறார்கள் என்று நாலு வருஷம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கையெழுத்து பொய் என்றதும் நாலே நாளில் எல்லோருக்கும் கண் தெரிந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து, விட்டுவந்த டிபன் பாக்ஸை எடுக்கப் போனாள். அவள் நாற்காலியில் ஒரு புதுப் பெண் இருந்தாள். எதிர் பெஞ்சில் ஓவிய வகுப்புக்காக ஒரு சிறுமி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நீங்கதானே முன்னாடி இங்க இருந்தவங்க?” புதுப் பெண் தயங்கினாள். “கூட உக்கார ஒரு ஆள் போட்டிருக்காங்க, அவங்க இன்னிக்கு லீவு. இந்தக் கட்டத்துல நானே கையெழுத்துப் போட்டுடவா? காலியா விட்டா திட்டுவாங்களோன்னு பயமா இருக்கு.”

அக்கா அந்தப் பேனாவை வாங்கி மூடினாள்.

“காலியா இருந்தா காலியாவே விடும்மா. காலிக் கட்டத்தைப் பாத்தா நாளைக்கு யாராவது ஏன்னு கேப்பாங்க. நீ நிரப்பிட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, பிள்ளை வாய்விட்டுச் சொன்னாக்கூட நம்ப மாட்டாங்க. ஆள் இல்லைன்னா இன்னிக்கு வகுப்பு இல்ல. பிள்ளைங்களைக் காப்பாத்தறது உள்ள போய் உக்கார்ற ஆளு. புக்கு யாரையும் காப்பாத்தாது.”

புதுப் பெண் பதிவேட்டையும் பெஞ்சிலிருந்த சிறுமியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து, நாலு மணி வகுப்பு இன்று இல்லை என்று சொல்ல உள்ளே போனாள். அவள் திரும்பி வரும்வரை அக்கா அந்தச் சிறுமிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.