காதுக்குள் இருந்த கிண்ணம்

"ஒரு கிண்ணம் வாங்குங்கம்மா," என்றார் கம்பெனி டாக்டர். "திபெத்துக் கிண்ணம்னு சின்னதாக் கெடைக்கும். காலையில பத்து நிமிஷம் கண்ண மூடி உக்காந்து அதத் தேய்ச்சீங்கன்னா மனசு அடங்கிடும். மனசு அடங்குச்சுன்னா சத்தமும் தானா அடங்கிடும்."

காதைக் காட்ட வந்தவளுக்கு மனசுக்கு வைத்தியம். அதுவும் ஒரு கிண்ணம்! அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக அவளுக்குச் சோதனை வேலை. உலையிலிருந்து ஆறி வரும் பாட்டில்கள் பெல்ட்டில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடிவரும். எட்டு மணி நேரமும் அந்தக் கூச்சல்தான். அதற்கு நடுவே நின்று, சந்தேகப்பட்ட பாட்டிலின் கழுத்தைப் பிடித்து எடுத்து, குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல பாட்டில் 'டிங்' என்று நீட்டிப் பேசும். கீறல் விட்டது 'டக்' என்று பாதியிலேயே வாயை மூடிக்கொள்ளும். காதில் செருக ரப்பர் அடைப்பான் கொடுத்திருந்தார்கள், இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் அதைச் செருகினால் டிங்கும் கேட்காது, டக்கும் கேட்காது. "கழட்டிட்டு வேலையப் பாருங்க! கீறல் பாட்டில் வெளிய போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று சூப்பர்வைசர் ஒருநாள் கத்தினார். அன்றைக்குக் கழற்றியதுதான். எல்லோருடைய அடைப்பான்களும் சட்டைப்பையில் சொகுசாகத் தூங்கின.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய இடது காதில் ஒரு சத்தம் குடியேறியது. மெல்லிசாக, நீளமாக, மூச்சே விடாமல் ஒரே சத்தம். சாப்பிடும்போதும் இருக்கும், குளிக்கும்போதும் இருக்கும். லைனில் சொன்னபோது "அக்கா காதுல ரேடியோ வாங்கி வச்சிருக்காங்கப்பா" என்று சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் பெயரே ரேடியோ அக்கா. "இன்னைக்கு என்ன பாட்டுக்கா?" என்று கேட்காத வாய் இல்லை. இடது காதில் இப்போது போனை வைத்தால் எதிரே பேசுகிறவர் யாரென்றே தெரியாது. சரி, ஒன்றுதான் போயிற்று, இன்னொன்று இருக்கிறதே என்று இருந்தாள். மூன்று மாதமாக வலது காதிலும் அது எட்டிப் பார்க்கிறது.

கிடங்கில் ஓர் ஆள் வேண்டுமென்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அட்டைப்பெட்டிகள் மட்டும் இருக்கிற அமைதியான இடம். காதில் கோளாறு என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், அவளை அங்கே மாற்றிவிடலாம். விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிவரை நேரம். அந்தக் கையெழுத்துக்காகத்தான் வந்திருந்தாள்.

டாக்டர் அவள் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். வெளிச்சத்தைக் கண்டதும் எழுந்து ஓட அந்தச் சத்தம் என்ன கரப்பான்பூச்சியா? "சுத்தமா இருக்கும்மா," என்றார். பிறகு தாளில் எழுதினார். அவள் தலைகீழாகவே படித்தாள். 'பாதுகாப்புச் சாதனம் வழங்கப்பட்டது. தொழிலாளி அணியவில்லை. காதில் குறை இல்லை. மன அழுத்தம்.'

"டாக்டர், அணியலன்னு எழுதியிருக்கீங்களே. கழட்டச் சொன்னதே அவங்கதான்."

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? சூப்பர்வைசர் அப்படிச் சொல்லலியே."

"எடது காது மந்தம், ரெண்டு காதுலயும் சத்தம் கேக்குதுன்னு நான் சொல்றேனே!"

"உங்களுக்கு மட்டும்தானேம்மா கேக்குது? எனக்குக் கேட்டா நான் எழுதலாம். கேக்காததுக்கு எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்று சிரித்தார். "மொதல்ல கிண்ணம் வாங்குங்க. வெள்ளிக்கிழமை வாங்க, பாக்கலாம்."

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் ஒரு பழைய ஏசியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெக்கானிக். எந்த இயந்திரம் முனகினாலும் என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற மனிதர், பெண்டாட்டி முனகினால் மட்டும், "அதையே நெனச்சிக்கிட்டு இருக்காத, போயிடும்" என்பார். இரண்டு வருஷமாக அதே மருந்து. "டாக்டரே சொல்லிட்டாரு, வாங்கித்தான் பாப்போமே," என்று கை துடைத்துக்கொண்டு எழுந்தார்.

கடையில் நுழைந்ததும் மெழுகுவத்தி வாசனை. தலைமுடியைத் தூக்கிக் குடுமி போட்டிருந்த கடைக்காரர் பூனை நடையில் வந்தார். அலமாரியில் பெரிதும் சிறிதுமாக முப்பது கிண்ணமாவது இருக்கும்.

"நாம கிண்ணத்தத் தேர்ந்தெடுக்கறதில்ல மேடம்," என்றார் குடுமிக்காரர், கிசுகிசுப்பாக. "கிண்ணம்தான் நம்மளத் தேர்ந்தெடுக்கும்."

"அப்படின்னா அதையே எங்க வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கலாமே தம்பி. ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம்."

வீட்டுக்காரர் அவசரமாக ஒரு மெழுகுவத்தியை ஆராய ஆரம்பித்தார்.

அவள் ஒரு கிண்ணத்தை எடுத்துத் தட்டினாள். 'டக்.' அடுத்தது. 'டக்.' இன்னொன்று. அதுவும் 'டக்.'

"என்ன தம்பி இது? எல்லாமே கீறல் விட்டதா வச்சிருக்கீங்க!"

குடுமிக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. பிறகு அவள் கையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பாட்டிலைக் கழுத்தோடு பிடித்துப் பழகிய கை, கிண்ணத்தின் விளிம்பையும் அப்படியே இறுக்கிப் பிடித்திருந்தது. கழுத்தை நெரித்தால் எது பாடும்? "உள்ளங்கைய நல்லா விரிங்க மேடம். கிண்ணம் அது பாட்டுக்கு உக்காந்திருக்கணும். விரல் எங்கயும் படக்கூடாது." அவள் கையை விரித்தாள். தட்டினாள். ஒலி அகலமாக எழுந்து சுவர்வரை போய்த் திரும்பி வந்தது. அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

"தட்டறது ஆரம்பம்தான். இப்ப இந்தக் கட்டையை விளிம்புல ஒட்ட வச்சு மெதுவாச் சுத்துங்க. அவசரப்பட்டா கடகடன்னு உதறும். அழுத்தம் ஒரே மாதிரி இருக்கணும்."

அழுத்தம் ஒரே மாதிரி இருப்பதைப் பதினோரு வருஷம் குச்சி பிடித்தவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது கிண்ணத்திலேயே பிடித்துக்கொண்டாள். இது நெஞ்சுக்கு, அது தொண்டைக்கு, இது புருவ மத்திக்கு என்று குடுமிக்காரர் விளக்கிக்கொண்டே வந்தார்.

"காதுக்கு எது?"

"காதுக்குன்னு தனியா எதுவும் கெடையாது மேடம்..."

"அப்ப நீங்க கொஞ்ச நேரம் பேசாம இருங்க. நான் கேக்கணும்."

பதினான்காவது கிண்ணத்தைத் தட்டியவள் முகத்தைச் சுளித்தாள். "இது நெஜமாவே கீறல்."

"அது அதோட குரல் மேடம். ரொம்பப் பழசு."

"பழசா இருந்தா கீறல் இல்லன்னு ஆயிடுமா? வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க."

பிடித்துப் பார்த்தார். அடிப்பக்கம் மயிரிழை மாதிரி ஒரு கோடு. அவர் அதை மேஜைக்கு அடியில் வைத்தார். அதற்குப் பிறகு நெஞ்சும் தொண்டையும் அவர் வாயில் வரவில்லை.

கடைசி வரிசையில் எல்லாவற்றிலும் சின்னது ஒன்று இருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற அளவு. தோல் சுற்றாத வெறும் மரக்கட்டையால் தேய்த்தாள். முதலில் ஒன்றுமில்லை. மூன்றாவது சுற்றில் மெல்லிசாக, நீளமாக, மூச்சே விடாமல் ஓர் ஒலி கிளம்பியது.

அவள் காதுக்குள் இருந்த சத்தம் காணாமல் போய்விட்டது.

போய்விட்டதா? இரண்டு வருஷம் கழித்துப் போயேவிட்டதா? கட்டையை எடுத்தாள். கிண்ணம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. எங்கே கிண்ணம் முடிந்து எங்கே காது தொடங்கியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. சத்தம் எங்கேயும் போயிருக்கவில்லை. ஒலியும் அதுவும் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்ததால்தான் தெரியவில்லை. அதே உயரம், அதே மெல்லிசு. ஒலி பார்த்துப் பாட்டில் பிரிக்கிறவள் இதிலா ஏமாறுவாள்?

"அடப்பாவி, நீயா!" என்றாள் கிண்ணத்தைப் பார்த்து. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாத்தீங்களா," என்றார் குடுமிக்காரர் பரவசமாக. "தேர்ந்தெடுத்துடுச்சு!"

மறுநாள் காலை டாக்டர் சொன்னபடியே ஜன்னலோரம் கண்ணை மூடி உட்கார்ந்து தேய்த்தாள். மனசு அடங்குமா என்று அவளும் பார்த்தாள். ஒரு மண்ணும் அடங்கவில்லை. வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முதல் நிமிஷம் "நல்லாத்தான் இருக்கு" என்றார். இரண்டாவது நிமிஷம் டிவியைப் போட்டார். மூன்றாவது நிமிஷம் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். நான்காவது நிமிஷம் பேப்பரை வீசி எறிந்தார்.

"ஏய், அது நிக்கவே நிக்காதா? மனுஷனுக்குப் பைத்தியம் புடிச்சிடும்போல இருக்கு!"

அவள் கண்ணைத் திறந்தாள். கை நிற்கவில்லை. "என்ன சொன்னீங்க?"

"பைத்தியம் புடிக்..." அவர் பாதியில் நிறுத்திவிட்டு அவள் காதைப் பார்த்தார். "இதுவா? இதேவா?"

"இதேதான்."

"எப்பவுமா?"

"நீங்க 'நெனைக்காத, போயிடும்'னு சொல்லும்போதும் இதுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நாலு நிமிஷம் நெனைக்காம இருக்க முடிஞ்சுதா உங்களால?"

அவர் எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டு வந்து, "வெள்ளிக்கிழமை இத எடுத்துட்டுப் போ," என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு அவள் உள்ளே நுழைந்தபோது சூப்பர்வைசர் டாக்டருக்கு எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "லைன்ல ஆளே இல்ல டாக்டர். இவங்கள மாதிரிக் காது யாருக்கு இருக்கு?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காதைத் தின்றுவிட்டுத்தான் இந்தப் புகழ்ச்சி.

"வாங்கம்மா. கிண்ணம் வாங்கினீங்களா?"

"வாங்கினேன் டாக்டர். சரியாத்தான் செய்யறேனான்னு நீங்க பாக்கணும்."

துணிப்பையிலிருந்து எடுத்து, உள்ளங்கையை விரித்து வைத்து, தேய்க்கத் தொடங்கினாள். "அடடா!" என்றார் டாக்டர், கண்ணை மூடிக்கொண்டு. "என்ன சுகம் பாருங்க!" சூப்பர்வைசரும் மரியாதைக்குத் தலையாட்டினார்.

ஒரு நிமிஷம் போயிற்று. டாக்டர் கண்ணைத் திறந்து, "நல்லாச் செய்யறீங்கம்மா, போதும்," என்றார். அவள் தேய்த்தாள். டாக்டர் எதையோ எழுதப் போனார், அடித்துவிட்டு மறுபடி எழுதினார், மறுபடி அடித்தார். போன் வந்தது. "என்னது? கேக்கல... என்னது?" என்று கத்தி, வைத்துவிட்டார். சூப்பர்வைசரின் கால் மேலிருந்து கீழே இறங்கியது.

"அம்மா, போதும்னு சொன்னேனே."

"பத்து நிமிஷம்னு நீங்கதானே சொன்னீங்க? இன்னும் அஞ்சு ஆகல."

"நிறுத்துங்கம்மா! மனுஷன் வேலை பாக்க வேணாமா?"

"எனக்குக் கேட்டா எழுதலாம்னு சொன்னீங்களே டாக்டர். கேக்குதா இப்ப?" அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "இதான் என் காதுல இருக்கறது. அச்சு அசல் இதேதான். கடையில முப்பது கிண்ணம் தட்டிப் பாத்துப் பொறுக்கி எடுத்துட்டு வந்திருக்கேன். உங்களுக்கு அஞ்சு நிமிஷம். எனக்கு ரெண்டு வருஷம். மன அழுத்தமாம்! உங்க மனச இப்ப அடக்கிக் காட்டுங்க பாப்போம்!"

சூப்பர்வைசர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்தார்.

"என்ன அநியாயமா இருக்கு! நாங்க அடைப்பான் குடுக்கலையா? போட்டுக்கலன்னா அது யாரு தப்பு?"

"கழட்டச் சொன்னது யாரு?"

"ஆமா, உங்கள மட்டும் தனியாக் கூப்பிட்டுச் சொன்ன மாதிரி பேசறீங்க? எல்லாரையும்தானே கழட்டச் சொன்னேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. டாக்டர் மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். கிண்ணம் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

"எல்லாரையுமா?" என்றார் டாக்டர்.

சூப்பர்வைசர் நாற்காலியைத் தேடி மறுபடி உட்கார்ந்தார்.

"எழுதுங்க டாக்டர்," என்றாள் அவள். "அவர் சொன்னத அவர் சொன்ன மாதிரியே எழுதுங்க. நிறுத்தறேன்."

டாக்டர் பழைய தாளைக் கிழித்தார். புதிதாக ஒன்றை எடுத்து, 'மேற்பார்வையாளரின் உத்தரவுப்படி தொழிலாளர் அனைவரும் காதடைப்பான்களைக் கழற்றினர். இரு காதிலும் தொடர் இரைச்சல். இடது காதில் கேட்கும் திறன் குறைவு. உடனே இடமாற்றம் தேவை' என்று எழுதினார். எழுத்து கோணல்மாணலாகப் போயிற்று. கையெழுத்தைப் போட்டு, முத்திரையை இரண்டு முறை குத்தினார். அவள் தலைகீழாகவே எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டுக் கட்டையை எடுத்தாள்.

ஒலி அடங்கியது.

"அப்பாடா!" என்று டாக்டர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார்.

அந்த 'அப்பாடா'வைக் கேட்டதும்தான் அவளுக்கு உண்மையான கோபம் வந்தது. கிண்ணத்தைப் பையில் போட்டு, தாளை மடித்து எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"உங்களுக்கு நின்னுடுச்சா டாக்டர்?"

"நின்னுடுச்சும்மா, நின்னுடுச்சு."

"எனக்கு நிக்கல," என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டு அடிப்பதற்குள் தாளைக் கொடுத்துவிட வேண்டுமென்று கிடங்கைப் பார்த்து நடந்தாள்.